சீசன் ஊழியரும் லைன் உபதேசியாரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசங்கம் செய்ய வரும் போலி கிறிஸ்தவ ஊழியர்களிடம் ஏமாற வேண்டாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் யாரை நம்பக் கூடாது என்பதோடு நின்றுவிட்டது. நம்பத் தகுந்தவரை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் எப்படி மதிப்பது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

நான் இருப்பது கோத்தகிரி. ஏப்ரல், மே வந்தால் சுற்றுலா வண்டிகளோடு கீழேயிருந்து ஊழியர்களும் மலை ஏறுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ்: கோட்டு சூட்டு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே ஜிபே எண். மூன்று நாள் கூட்டம், கடைசி நாளில் காணிக்கைக் கவர், மறுநாள் ஆள் இல்லை. எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளில் மேடையில் பார்த்த ஒருவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

இந்தக் கவலை ஆதித் திருச்சபைக்கும் இருந்தது. 'டிடாக்கே' என்ற பழைய சபைக் கையேடு, ஊர் ஊராக வரும் அப்போஸ்தலரை ஆண்டவரையே ஏற்பதுபோல ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. கையோடு கணக்கும் வைக்கிறது: ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இன்னொரு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கான அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் அப்போதும் கள்ளத் தீர்க்கதரிசிதான். நம் சீசன் கூட்டங்களை அந்தக் காலத்து ஆட்கள் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ!

எங்கள் மலையிலேயே ஒரு பழைய கதை உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் நீலகிரியின் கேத்திக்கு வந்தது 1840களில். இந்த மலையின் படுகர் சமூகத்தில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அத்தனை வருடம் ஊர் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பேச்சு, நடத்தை, கோபம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும் இல்லையா?

சபையை மேற்பார்க்கும் கண்காணியாக வருகிறவர் சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினார். எங்கள் பக்கத்து உபதேசியாரை, அதாவது எங்கள் சபையைக் கவனித்துக்கொள்ளும் உள்ளூர் ஊழியரை, அப்படித்தான் பார்க்கிறேன். எஸ்டேட் மளிகைக் கடைக்காரர் கிறிஸ்தவர் அல்ல. அவர் கடன் நோட்டில் உபதேசியாரின் பக்கம் மாதா மாதம் நேராகிவிடும் என்று அவரே சொல்வார். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு தொழிலாளி இறந்தபோது அடக்க ஆராதனை முடிந்ததும் உபதேசியார் கிளம்பிவிடவில்லை. இறந்தவரின் மனைவிக்குப் பி.எஃப். படிவத்தை நிரப்பி, அலுவலகத்துக்குக் கூடவே போய், வரிசையில் நின்றார். ஞாயிறு காணிக்கையை அவர் தொடுவதே இல்லை. கமிட்டியில் இரண்டு பேர் எண்ணி நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள், அவர் சற்றுத் தள்ளி நின்று சிறுவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். எருசலேமுக்கு உதவிப் பணம் அனுப்பிய பவுலும், யாரும் குறை சொல்ல இடம் வைக்காமல், சபைகளே தேர்ந்தெடுத்த சகோதரரையும் கூட அனுப்பினார்.

கணக்குக் கேட்டால் சிலர் உடனே பைபிளின் சங்கீதத்தைக் கையில் எடுக்கிறார்கள்: "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே." 105ஆம் சங்கீதத்தை முழுதாகப் படிக்கட்டும். அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு நாடோடிகளாக அலைந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. ரசீது கேட்கும் சபையாருக்குச் சொன்னது அல்ல. அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுருவின் மரியாதை அதனால் குறைந்துவிடவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டீக்கடையில் கேட்டதை வைத்துப் போதகரைக் கிழித்துத் தொங்கவிடும் வழக்கம் நம்மிடம் அதிகம். வாட்ஸ்அப் வந்தபிறகு கேட்கவே வேண்டாம். மூப்பர், அதாவது சபைத் தலைவர், மேல் வரும் புகாரை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்காதே என்ற, தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய அதே நிருபம், பாவம் செய்தவரை எல்லார் முன்பாகவும் கடிந்துகொள்ளவும் சொல்கிறது. நாமோ சாட்சி இல்லாமல் ஏசுகிறோம், சாட்சி இருந்தால் மூடி மறைக்கிறோம்.

அப்புறம், மரியாதை என்றால் நமக்குப் பொன்னாடைதான். சபையை நன்றாக நடத்துகிற மூப்பர்களுக்கு இரட்டிப்பான கனம் கொடுக்கச் சொன்ன பவுல், அடுத்த வரியிலேயே போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறார், வேலையாளுக்குக் கூலி உண்டு என்கிறார். வெளியூர்ப் பிரசங்கியாருக்கு லாட்ஜ், கார் எல்லாம் போடுகிற சபைகள், சொந்த உபதேசியாருக்கு என்ன கொடுக்கின்றன? எங்கள் உபதேசியார் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். முழங்கால் வலி அவருக்கு. மேட்டில் ஏறி இறங்கியே தேய்ந்த முழங்கால். பிரிவு உபசார விழாவுக்கு இப்போதே வசூல் தொடங்கிவிட்டார்கள். அவர் வைத்தியச் செலவுக்கு என்ன ஏற்பாடு, எங்கே குடியிருப்பார் என்று கமிட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்