ரத்தம் போனாலே மூலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை சுவர்களில் ‘மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. மலத்தில் ரத்தம் கண்டால் ‘சூடு’ என்று மோர் குடித்து, பிறகு அந்த எண்ணுக்குப் போன் போட்டு, மாதங்களை இழப்பவர்களில் குடல் அழற்சி நோயாளிகளும் உண்டு. இந்த நோயில் பெருங்குடல் புண் அழற்சி, கிரோன் நோய் என்று முக்கியமாக இரண்டு வகை.

மூலத்தில் பெரும்பாலும் மலம் போய் முடிக்கையில் பளிச்சென்று ரத்தம் சொட்டும். பெருங்குடல் புண் அழற்சியில் (அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்) ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்து வரும். போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி முட்டும். உட்கார்ந்தால் ஒரு ஸ்பூன் சளிதான். ராத்திரி தூக்கத்திலிருந்தும் எழுப்பும். மலக்குடலில் தொடங்கி இடைவெளியில்லாமல் மேலேறும் இந்தப் புண், பெரும்பாலும் உள்சவ்வோடு நிற்கும்.

கிரோன் நோய் அப்படியல்ல. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும், விட்டுவிட்டு வரும். சிறுகுடல் முடிகிற இடத்தில் அதிகம். குடல் சுவரின் முழுக் கனத்தையும் தாக்குவதால் குடல் சுருங்கி அடைக்கும், துளைத்துப் பவுத்திரமாகும் (ஆசனவாய்ப் பக்கம் சீழ் வடியும் துளை). ரத்தமே தெரியாமல், வலது அடிவயிற்று வலியும் எடைக் குறைவும் மட்டும் இருக்கலாம். அறுத்தும் திரும்பத் திரும்ப வரும் பவுத்திரத்துக்கு, குடலைப் பார்க்காமல் மறுபடி கத்தி வைப்பது தவறு. இரண்டு வகையிலும் மூட்டுவலி, கண் சிவப்பு வரலாம்.

குழாயில் கழிவுநீர் கலக்கும் தெருக்களில் எல்லாப் பேதிக்கும் தண்ணீர்மேல் பழி விழுகிறது. கிருமியால் வரும் சீதபேதி பொதுவாக ஓரிரு வாரத்தில் அடங்கும். 4 வாரம் தாண்டினால் கொலோனாஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இது கட்டாயம். ஏனென்றால் குடல் காசநோயும் கிரோன் போலவே தெரியும். கிரோன் என்று நினைத்து, காசநோய்க்காரருக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி பரவும்.

மெடிக்கலில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை நோயைக் கிளப்பிவிடலாம். கடும் அழற்சியில் பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டால் பெருங்குடல் ஆபத்தாக வீங்கக்கூடும். ரத்தம் நின்றதும், பெருங்குடல் புண் அழற்சிக்குத் தரும் மெசலமைன் மருந்தை நிறுத்துவது இன்னொரு பெருந்தவறு, நோய் திரும்பும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல்நோய்க்குத் தனித்துறை இருக்கிறது. பகலில் எத்தனை தடவை, ராத்திரி எத்தனை தடவை, ரத்தம் உண்டா, எடை எவ்வளவு என்று ஒரு வாரம் தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21