பீற் மல்டூனுக்கு உரிய இடம்: ஹொக்கி புகழ் மண்டபத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவில் உங்கள் மண்டபம் இருக்கும் இதே நகரில் வாழ்ந்து, ஐஸ் ஹொக்கியின் தொடக்க காலத்தை ஆர்வத்தோடு வாசித்துவரும் தமிழர்களில் ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அமெரிக்காவின் மேற்குக் கரை நகரான சியாற்றிலின் மெற்ரோபொலிற்றன்ஸ் அணியை உருவாக்கி வழிநடத்திய பீற் மல்டூனை, விளையாட்டைக் கட்டியெழுப்பியவர்களுக்கான பிரிவில் நீங்கள் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒருவர் மண்டபத்துக்குள் நுழைய உங்கள் 18 பேரில் 14 பேரின் வாக்கு வேண்டும் என்பதையும், நூறாண்டுக்கு முந்திய ஒருவருக்காக அத்தனை பேரை இணங்கவைப்பது எளிதல்ல என்பதையும் அறிவேன்.

ஐஸ் ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணம் இன்று ஒரே லீக்கின் உடைமைபோலத் தோன்றினாலும், 1914 முதல் 1926 வரை அது போட்டி லீக்குகள் மோதிக்கொண்ட களமாக இருந்தது. கிழக்கில் தேசிய ஹொக்கி சங்கமும், 1917ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதன் வழித்தோன்றலாக உருவான தேசிய ஹொக்கி லீக்கும் இருந்தன. மேற்கில், தந்தையின் மரவணிகப் பணத்தைக் கொண்டு லெஸ்ரர் பற்றிக், ஃபிராங்க் பற்றிக் சகோதரர்கள் 1911இல் தொடங்கிய பசிபிக் கரையோர ஹொக்கி சங்கம் இருந்தது. இரு தரப்பும் ஒரே விதிகளில்கூட ஆடவில்லை. கிழக்கு ஆறு பேருக்கு மாறிய பின்னரும் மேற்கு ஏழாவது வீரரான ‘றோவரை’ விடவில்லை. மறுபுறம், ஆடுகளத்தின் நடுப்பகுதியில் பந்துத்தட்டை முன்னோக்கிக் கடத்த மேற்கு அனுமதித்தது, கிழக்கு 1918 வரை அனுமதிக்கவில்லை. ஆகவே இறுதித் தொடர் ஓராண்டு கிழக்கிலும் மறு ஆண்டு மேற்கிலும் நடப்பதென்றும், விதிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதென்றும் உடன்பாடு கண்டார்கள். இந்த ஏற்பாடு சுமுகமானது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஒருவர் வீரர்களை மற்றவர் பணம் காட்டி இழுத்துக்கொள்வது அன்றாட நிகழ்வாக இருந்தது.

மல்டூனின் அணியே அப்படி இழுக்கப்பட்ட வீரர்களைக் கொண்டு பிறந்ததுதான். 1914இல் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்ற ரொறன்ரோ புளூஷேர்ட்ஸ் அணியிலிருந்து ஃபிராங்க் ஃபொய்ஸ்ரன், ஜக் வோக்கர், கோல் காப்பாளர் ஹப் ஹோம்ஸ், கலி வில்சன், எட் கார்ப்பென்ரர் ஆகிய ஐவர் 1915இல் சியாற்றிலுக்குப் போனார்கள். எங்கள் நகரத்துக்கு அது அன்று பெரிய இழப்பு. ஆனால் திறமையானவர்களைச் சேர்ப்பது வேறு, அவர்களை ஓர் அணியாக்குவது வேறு. இரண்டாவது பருவத்திலேயே, 1917 மார்ச்சில், நடப்பு வெற்றியாளர்களான மொன்றியல் கனேடியன்ஸிடம் முதல் ஆட்டத்தில் 4–8 என்று தோற்ற சியாற்றில், அடுத்த மூன்றையும் 6–1, 4–1, 9–1 என்று வென்றது. எதிரே நின்றவர் அக்காலத்தின் தலைசிறந்த கோல் காப்பாளர்களில் ஒருவரான ஜோர்ஜ் வெசினா என்பதை நினைத்தால் அந்த எண்களின் கனம் புரியும். நான்கு ஆட்டங்களில் பேர்ணி மொறிஸ் மட்டும் 14 கோல்கள் போட்டார். அமெரிக்க நகரமொன்று ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது அதுவே முதல் தடவை.

இவ்வளவோடு மல்டூனின் கதை முடிந்திருந்தால் இம்மடலை நான் எழுதியிருக்கமாட்டேன். ஒரு தடவை கிண்ணம் வென்ற பயிற்றுநர்கள் பலர் இருக்கிறார்கள். என் வேண்டுகோளின் அடிப்படை 1919ஆம் ஆண்டுத் தொடர்.

அந்த ஆண்டும் அதே இரு அணிகள், அதே சியாற்றில் அரங்கு. இராணுவச் சேவையைத் தவிர்த்தார் என்ற குற்றச்சாட்டில் மொறிஸ் கைதாகியிருந்ததால் சியாற்றில் தன் முதன்மையான கோல் அடிப்பவர் இல்லாமலே இறங்கியது. மேற்கு விதிகளில் நடந்த முதல் ஆட்டத்தை 7–0 என்றும் மூன்றாவதை 7–2 என்றும் சியாற்றில் வென்றது. கிழக்கு விதிகளில் நடந்த இரண்டாவது ஆட்டத்தை மொன்றியல் 4–2 என்று வென்றபோது நான்கு கோல்களையும் நியூசி லலோண்ட் ஒருவரே போட்டார். நான்காவது ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் பிறகும் 0–0 என்றே முடிந்தது. ஐந்தாவதில் 3–0 என்று முன்னிலையில் இருந்த சியாற்றில், களைத்துச் சோர்ந்த நிலையில் அதைக் கைநழுவவிட்டு, மேலதிக நேரத்தில் 4–3 என்று தோற்றது. இரு தரப்புக்கும் தலா இரண்டு வெற்றிகள். ஏப்ரல் 1ஆம் திகதி நடக்கவிருந்த ஆறாவது ஆட்டமே முடிவு சொல்ல வேண்டும்.

அந்த ஆட்டம் நடக்கவில்லை. உலகெங்கும் உயிர்களைக் காவுகொண்டுவந்த இன்ஃபுளுவென்சா மொன்றியல் அணியைப் படுக்கையில் தள்ளியது. ஜோ ஹோல், லலோண்ட், ஜக் மக்டொனால்ட், லூயி பேர்லின்கெற், பில்லி கூற்றூ ஆகியோரோடு முகாமையாளர் ஜோர்ஜ் கென்னடியும் நோயில் வீழ்ந்தார். விக்ரோறியா அணியின் வீரர்களை இரவல் பெற்று ஆட கென்னடி அனுமதி கேட்டார். மேற்குச் சங்கத்தின் தலைவரான ஃபிராங்க் பற்றிக் மறுத்துவிட்டார். வேறு வழியின்றி, கிண்ணத்தை சியாற்றிலுக்கே விட்டுக்கொடுப்பதாக கென்னடி அறிவித்தார்.

மல்டூன் அதை ஏற்க மறுத்தார். இந்த இடத்தில் சற்று நிற்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் கிண்ணத்தைக் கேட்டுப் பறிக்கவில்லை. எதிரணியே கொண்டுவந்து நீட்டியது. எதிரணிக்கு ஆட்கள் இல்லை, தன் அணியோ சொந்த அரங்கில் ஆயத்தமாக நின்றது. பெற்றுக்கொண்டிருந்தால் விதிப்படி எவரும் குறை சொல்லியிருக்க முடியாது, மேற்குச் சங்கத்துக்கும் கிழக்கின் மேல் பெருமை கூடியிருக்கும். நோயால் வீழ்ந்தவர்களிடமிருந்து கிண்ணத்தைப் பெறுவது வெற்றியாகாது என்று அவர் கருதினார். நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 5ஆம் திகதி, 37 வயதான ஜோ ஹோல் சியாற்றிலில் நிமோனியாவால் இறந்தார். முழுமையாகத் தேறாத கென்னடி 1921இல் காலமானார். கிண்ணம் எவருக்கும் வழங்கப்படவில்லை. 1948இல் அது மறுவடிவம் பெற்றபோது, இரு அணிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டு, தொடர் நிறைவுபெறவில்லை என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. ஜோ ஹோலை 1961இல் நீங்கள் மண்டபத்துக்குள் அழைத்துக்கொண்டீர்கள். மிகச் சரியான முடிவு.

மல்டூன் 1924இல் அணி கலையும் காலம்வரை சியாற்றிலோடு இருந்தார். 1920இலும் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுவந்தார். ஒட்டாவாவில் பனித்தரை இளகிப்போனதால் செயற்கைப் பனி இருந்த ரொறன்ரோவுக்கு மாற்றப்பட்ட அத்தொடரை ஒட்டாவா 3–2 என்று வென்றது. நான்கு ஆண்டுகளில் மூன்று இறுதித் தொடர்கள் என்பது, பனியே உறையாத ஒரு துறைமுக நகரில் இந்த விளையாட்டை வேரூன்றச் செய்த ஒருவருக்குச் சிறிய கணக்கல்ல. பற்றிக் சகோதரர்கள் இருவரும் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஃபொய்ஸ்ரன், வோக்கர், ஹோம்ஸ் ஆகியோரும் இருக்கிறார்கள். அவர்களை ஓரணியாக நிறுத்தியவர் மட்டும் வெளியே நிற்கிறார்.

அவருடைய பெயர் அறவே மறக்கப்படவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் எதற்காக நினைக்கப்படுகிறது என்பதே எனக்கு வருத்தம். 1926–27 பருவத்தில் சிக்காகோ பிளாக் ஹோக்ஸின் முதல் பயிற்றுநராக இருந்து வெளியேறியபோது, அந்த அணி ஒருபோதும் முதலிடம் பெறாது என்று அவர் சாபமிட்டதாக ஒரு கதை உண்டு. 1929இல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1943இல், ஜிம் கோல்மன் என்ற பத்திரிகையாளர் எழுத வேறொன்றும் கிடைக்காத நாளில் புனைந்த கதை அது. புனைந்ததைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் மல்டூன் என்றவுடன் இன்றும் பலர் சொல்வது அந்தச் சாபத்தைத்தான். நடந்த மறுப்பைவிட நடக்காத சாபம் பெயர் பெற்றிருப்பது, விளையாட்டு வரலாற்றைக் காக்கும் நிறுவனம் என்ற வகையில் உங்களுக்கும் உறுத்த வேண்டும்.

ஓர் ஒற்றை நற்செயலுக்காக எவரையும் மண்டபத்துக்குள் எடுப்பது வழக்கமில்லை என்ற ஆட்சேபத்தையும் எதிர்பார்க்கிறேன். நானும் அதை மட்டும் வைத்துக் கேட்கவில்லை. அணியை உருவாக்கியது, கிண்ணம் வென்றது, மூன்று தடவை இறுதிக்கு வந்தது ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோடுங்கள் என்கிறேன். அவர் பயிற்றுநராக இருந்த லீக் தோற்றுப்போன லீக் என்பது ஒரு காரணமாக இருந்தால், அந்த லீக் கொண்டுவந்த ஆடுகளத்தைப் பிரிக்கும் நீலக்கோடும் முன்னோக்கிய கடத்தலும் தண்டனை வீச்சும் இன்று எந்த லீக்கின் விதிப்புத்தகத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

வரும் யூன் மாதக் கூட்டத்துக்கு அவருடைய பெயரை ஓர் உறுப்பினராவது முன்மொழிய வேண்டுகிறேன். உங்கள் கலந்துரையாடல்கள் இரகசியமானவை என்பதால் இம்மடலுக்குப் பதில் கேட்கவில்லை. நவம்பர் விழாவில் சேர்க்கப்படுவோரின் பட்டியல் வெளியாகும்போது அதில் தேடிப்பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ரொறன்ரோவிலிருந்து ஒரு ஹொக்கி வாசகன்