சைக்கிள் டைனமோவும் கல்லூரி ரேடியோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் நான் படித்த கல்லூரியின் ரேடியோவில் ஒரு மணித்தியாலம் பாட்டுப் போட என்னை அழைத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் வளாகத்து ஒலிபெருக்கிகளில் மட்டும் கேட்கும் ரேடியோ அது. அறிவித்தல் பலகையில் என் பெயருக்கு முன்னால் 'விருந்தினர் டீஜே' என்று எழுதியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு பட்டம்!

தொடக்கமே பிழைத்துவிட்டது. மைக் திறந்திருப்பது தெரியாமல், "தம்பி, இதை எங்க நிப்பாட்டுறது?" என்று கேட்டேன். கல்லூரி முழுக்கச் சிரித்தது.

பாட்டுகளுக்கு நடுவே தொண்ணூறுகளின் கதையைச் சொன்னேன். அப்போது போர்க்காலம், யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தை, அதை ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் டயோட் என்ற சின்னப் பாகத்தின் வழியாக ரேடியோவுக்குக் கொடுப்போம். செய்தி நேரத்தில் நான் சுற்ற, அப்பா காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். கை களைத்தால் குரல் தேய்ந்துவிடும், ஏச்சும் விழும். நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேட்டது பாட்டுகளைப் பற்றியல்ல, அந்த டயோட்டைப் பற்றித்தான்.

ஒரேயொரு குறை. அறிவிப்புச் செய்த பிள்ளைகள் சென்னை எஃப்எம் பாணியில் பேசுகிறார்கள். ஒருகாலத்தில் இலங்கை வானொலியின் தமிழைத் தமிழ்நாடே காத்திருந்து கேட்டது. பாடசாலைகள் பழைய அறிவிப்பாளர்களை அழைத்துப் பயிற்சி கொடுக்கலாமே. டைனமோ சுற்றியவர்களின் கதைகளையும் பிள்ளைகள் இப்போதே ஒலிப்பதிவு செய்தால் நல்லது.

பழைய மாணவன்,
கொக்குவில்.