யானை நிறைய இருந்தா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல மினியேச்சர் வார்கேமிங், அதாவது மேஜை மேல குட்டி பொம்மைப் படைகள நிறுத்தி போர் ஆடற விளையாட்டு பத்தி எழுதியிருந்தீங்க, தமிழ் பேப்பர்ல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினதே ரொம்ப சந்தோஷம். ஆனா ஆட்டத்துக்கு பழங்காலப் படைய தேர்ந்தெடுக்கறவங்க யானையும் கனமான குதிரைப்படையும் நிறைய வெச்சுக்கிட்டா ஜெயிச்சிடலாம்ங்கற மாதிரி போட்டிருந்தீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல.

சிரியா பக்கம் ஆண்ட செலூசிட் வம்ச மன்னன் மூணாம் ஆண்டியோக்கஸ எடுத்துக்கங்க. கி.மு. 217ல காசா பக்கத்துல ராஃபியாங்கற இடத்துல எகிப்து மன்னன் தாலமியோட மோதுறான். பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் பாலிபியஸ் கணக்குப்படி இவன்கிட்ட 102 இந்திய யானை, தாலமிகிட்ட 73 ஆப்பிரிக்க யானை. தாலமியோட இடது பக்கம் நின்ன யானைங்க இந்திய யானையோட வாசனையும் பிளிறலும் தாங்காம பின்வாங்கி சொந்த ஆளுங்க மேலயே போய் விழுந்துச்சு, அந்த வேகத்துல ஆண்டியோக்கஸும் குதிரைப்படையோட எதிரிய விரட்டிக்கிட்டே ரொம்ப தூரம் போயிட்டான், அதுக்குள்ள நடுவுல அவனோட ஈட்டி வரிசை உடைஞ்சு போர் கையவிட்டுப் போயிடுச்சு. கி.மு. 190ல ரோமானியரோட மோதின மக்னீசியா போர்லயும் திரும்ப அதேதான், வலது பக்கம் ரோமானியர விரட்டிக்கிட்டு முகாம் வரைக்கும் போயிட்டான். இடது பக்கம் அரிவாள் கட்டுன தேர்களோட குதிரைய வில்லாளியும் கவண்காரனும் அடிச்சே மிரள வெச்சு அந்தப் பக்கத்தையே கலைச்சுட்டாங்க. ஈட்டி வரிசைக்கு நடுவுல நிறுத்தின யானைங்களும் எறிஈட்டி பட்டு மிரண்டு அந்த வரிசையையே குலைச்சிருச்சு.

டிபிஏன்னு பழங்காலப் போர்களுக்கான ஒரு வார்கேம் ரூல்ஸ் இருக்கு, அதுல ஆடிப் பாத்தா இது நல்லா புரியும். ஆளுக்கு 12 பேஸ்தான் (பொம்மை வீரர்கள ஒட்டின சின்ன தட்டு, ஒவ்வொண்ணும் ஒரு படைப்பிரிவு), 4 போச்சுன்னா பெரும்பாலும் ஆட்டம் முடிஞ்சுது. ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு டைஸ், எவ்வளவு விழுதோ அத்தனை ஆர்டர். ஒட்டி நிக்கற வரிசைய மொத்தமா நேரா நகர்த்த ஒரே ஆர்டர் போதும், தனியா பிரிஞ்ச ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனியா ஒண்ணு ஒண்ணு வேணும், தளபதி இருக்கற ஜெனரல் பேஸ விட்டு ரொம்ப தூரம் போயிட்டா இன்னும் கூடுதல். அதனால குதிரைய விரட்ட விட்டுட்டு அடுத்த டர்ன் டைஸ்ல 1 விழுந்துச்சுன்னா, குதிரைய திருப்பறதா நடுவ காப்பாத்தறதான்னு மண்டைய ஒடைச்சுக்கணும். ஆண்டியோக்கஸுக்கு என்ன ஆச்சுன்னு அந்த ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும், எனக்கு இந்த ரூல்ஸ் இவ்வளவு பிடிக்கறதுக்கு அதுதான் காரணம்.

அப்புறம் யாரும் ஆசையா பெயிண்ட் பண்ணாத கவண்காரனும் எறிஈட்டிக்காரனும். ஆட்டத்துலயும் யானைய காலி பண்றது இவங்கதான், கரடுமுரடான நிலத்துல ஈட்டி வரிசை தடுமாறும்போது ஓரத்த பிடிச்சு வெக்கறதும் இவங்கதான். புதுசா வர்ற பசங்க இந்த பேஸ்கள குறைச்சுட்டு யானை சேக்கறாங்க, நாலஞ்சு ஆட்டம் வரிசையா தோத்துட்டு ஹாபியவே விட்டுடறாங்க, எனக்கு அதுதான் வருத்தம்.

அடுத்த தடவை இத பத்தி எழுதும்போது யானை போட்டோவோட ராஃபியா அணிவகுப்பு படமும் ஒண்ணு போடுங்க, யார் எங்க நின்னாங்க, குதிரை எந்தப் பக்கம் போச்சுன்னு அம்புக்குறியோட.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்