சொக்கனுக்கு, குயீன் புத்தகம் பற்றி

காரைக்குடி

அன்புள்ள சொக்கா,

இங்கிலாந்து ராக் குழு குயீனைப் பற்றி நீ கோவையிலிருந்து அனுப்பிய புத்தகம் பத்திரமாக வந்தது. படித்து முடித்துவிட்டுப் பாதியை மறுபடியும் படித்தேன். இங்கே எல்லோரும் நலம். அப்பச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றுவது இன்னும் பங்காளிகள் பேச்சில்தான் இருக்கிறது. நம்ம தபேலா சிங்கப்பூரிலிருந்து வந்து போனான், உன்னை விசாரித்தான்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். “ரசிகர் எழுதியது, பாதியைத் தள்ளிவிட்டுப் படி” என்று உள்ளே சீட்டு வைத்திருந்தாயே, எந்தப் பாதியை என்பதில்தான் உனக்கும் எனக்கும் சண்டை. எந்த ஸ்டூடியோ, எந்த மாதம், எத்தனை டிராக், யார் என்ன வாசித்தார் என்று வரும் பக்கங்கள் உனக்கு அலுப்பாக இருந்திருக்கும். எனக்கு அவைதான் புத்தகம். சம்பளத்துக்கு எழுதுகிறவன் இவ்வளவு தோண்டமாட்டான். பைத்தியம் பிடித்த ரசிகன்தான் தோண்டுவான்.

கிடார் அத்தியாயத்தை எடுத்துக்கொள். 1963 ஆகஸ்டில், பின்னாளில் குயீனின் கிடார்காரரான பிரையன் மேயும் அவர் அப்பா ஹரால்டும் வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிடார் செய்ய உட்காருகிறார்கள். கடையில் வாங்கக் காசில்லை. முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிறது. கழுத்துக்கு எடுத்தது, குளிர்காயும் அடுப்புக்கு மேலிருந்த பழைய மகாகனிச் சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரம். அதில் வண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன, தீக்குச்சியைச் செருகி அடைத்து இழைத்தார்கள். உடம்பின் நடுக்கட்டை பழைய மேசையின் ஓக். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீட்டு நிலையும் தூணும் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பழைய மரத்தில் ஈரம் போய் எல்லாம் அடங்கியிருக்கும், இனிமேல் முறுக்காது. கிடார் கழுத்துக்கு அதுதான் முதல் தகுதி, ஆறு கம்பியின் இழுவையும் அதை எந்நேரமும் வளைக்கப் பார்க்கும் அல்லவா? ஆனாலும் மரத்தை மட்டும் நம்பாமல் உள்ளே ஒரு எஃகுத் தண்டும் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பியைத் தளர்த்திச் சுருதியை ஆட்டும் கைப்பிடி அமைப்பான ட்ரெமலோதான் உச்சம். கைப்பிடியை அழுத்திக் கம்பியைத் தளர்த்திவிட்டு விட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. அந்தக் காலக் கிடார்களுக்கு இருந்த வியாதி அது. காரணம் உராய்வு: உடம்புப் பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில் கொஞ்சம் சிக்கும், தலைப்பக்கம் கம்பி பதியும் பள்ளக்கட்டையான நட்டில் கொஞ்சம் சிக்கும். அப்பாவும் பிள்ளையும் உராய்வை இடம் இடமாகத் தேடிப்போய்க் களைந்திருக்கிறார்கள். கெட்டிப்படுத்திய எஃகுத் தகட்டைக் கத்தி விளிம்பின் மேல் ஆடவிட்டார்கள். பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி சின்ன உருளை. தலைப்பக்கம் நட்டை ஒட்டி பூஜ்ய ஃப்ரெட் என்ற உலோகக் குறுக்குப் பட்டி வைத்ததால் கம்பியின் பாரம் நட்டில் விழுவதில்லை, நட்டு வழி காட்டுவதோடு சரி. கம்பிகளின் இழுவைக்கு ஈடுகொடுப்பவை ஒரு பழைய பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். கைப்பிடியின் நுனி அம்மாவின் பின்னல் ஊசி, விரல்பலகைப் புள்ளிகள் அம்மாவின் பொத்தான் பெட்டியிலிருந்து எடுத்த சிப்பிப் பொத்தான்கள்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் முதலில் தாங்களே காந்தத்தில் கம்பி சுற்றிச் செய்தார்கள். நாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து இழுத்தால் கரகரப்பு. காந்தத் துருவங்கள் அமைந்த விதம் அப்படி, கம்பி நகரும்போது புலம் மாறிவிடும். பிறகுதான் பர்ன்ஸ் கம்பெனியின் ட்ரைசோனிக் பிக்கப் மூன்று வாங்கினார்கள். அவை சத்தம் கூடும்போது வீறிடாமல் இருக்க, சுருள் அசையாதபடி அரால்டைட் பசை ஊற்றி இறுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்விட்ச்: ஒன்று ஆன்-ஆஃப், மற்றது ஃபேஸை, அதாவது ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாகத் திருப்ப. இரண்டு பிக்கப்பை எதிர் ஃபேஸில் போட்டால் இரண்டுக்கும் பொதுவான கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும், மிஞ்சுவது கூர்மையான மேல்பகுதி. அவர் கிடார் சில இடங்களில் அழுவதுபோலக் கேட்பதற்கு இது பெரிய காரணம். மீட்டுவதற்குப் பிளாஸ்டிக் தகடு கிடையாது, ஆறு பென்ஸ் காசு. இதைப் படித்துவிட்டு பாட்டைக் கேள், காசின் பல்விளிம்பு கம்பியில் உரசுவது காதில் விழும்.

குழுவின் பேஸ் கிடார்காரர் ஜான் டீக்கனைப் பற்றியும் அப்படித்தான். குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்து ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரி கொடுத்து ஆம்ப்ளிஃபையர் செய்தார். வால்யூம் குமிழ் கிடையாது, டோன் குமிழும் கிடையாது. பிரையன் மே அதில் வாசித்துப் பதிந்து அடுக்கிய கிடாரை எத்தனையோ பேர் வேறு வாத்தியம் என்று நினைத்தார்கள். 1980-க்கு முந்தைய பல ஆல்பம் அட்டைகளில், மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் இல்லை என்று அவர்கள் அச்சடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர்கள் பாட்டு பொஹீமியன் ராப்சடியின் பதிவைப் படிக்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொள். 1975, வேல்ஸில் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் தொடங்கியது. அதில் மேற்கத்திய இசை நாடகம் போல வரும் ஆப்பரா பகுதியின் கூட்டம் முழுவதும் மூன்றே பேர் குரல்: பாடகர் ஃப்ரெடி மெர்குரி, பிரையன் மே, டிரம்ஸ் வாசிக்கும் ராஜர் டெய்லர். கையில் 24 டிராக் டேப், அதாவது 24 ஒலிகளைத் தனித்தனியாகப் பதியலாம். ஒரு வரியைப் பாடி, அதன் மேலேயே திரும்பத் திரும்பப் பாடி, டிராக் நிரம்பியதும் கலந்து ஒன்றிரண்டில் இறக்கி, காலியான இடத்தில் அடுத்த வரி. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் இரைச்சல் கூடும், மேல் ஒலி மங்கும். கலந்ததை மறுபடி பிரிக்கவும் வழியில்லை, அதனால் கலக்கிற அன்றைக்கே அளவு சரியாக இருந்தாக வேண்டும். ஓடி ஓடி டேப்பின் பூச்சு உதிர்ந்து ஊடே வெளிச்சம் தெரிந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவும் 5 நிமிஷம் 55 விநாடிப் பாட்டுக்கு.

நான் தள்ளுகிற பாதி வேறு. 1984 அக்டோபரில் குயீன் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி உல்லாச விடுதியில் போய் வாசித்தது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக ஐ.நா. கலைப் புறக்கணிப்பு கேட்டிருந்த காலம். இங்கிலாந்து இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. ஸ்பிரிங்குக்கும் பொத்தானுக்கும் அத்தனை பக்கம் கொடுத்தவர், இதை ஒரு பாராவில் முடித்து அடுத்த வருஷம் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு கச்சேரிக்குத் தாவுகிறார். எனக்கு நெஞ்சு கனத்தது, சொக்கா. அன்பு இருப்பதால்தான் அவர் அவ்வளவு தேடினார், அதே அன்பு இங்கே கையைப் பிடித்துக்கொண்டது. ஃப்ரெடியின் பஞ்சகனிப் பள்ளிக்கூட வருஷங்களும் எனக்குப் போதவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து மகாராஷ்டிரத்துக்குத் தனியாக வந்து படித்த இடம், ஹெக்டிக்ஸ் என்று முதல் குழு சேர்த்த இடம். அதற்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம் நீட்டி எழுதக் காரணம், நம்ம ஊர் மெல்லிசைக் குழுவின் கதையை நீ எழுதப்போவதாகச் சொன்னதுதான். எழுது. உன்னைவிட்டால் ஆளில்லை. ஆனால் உன் ஞாபகத்தை நம்பி ஒரு வரி எழுதாதே, திருவிழா நோட்டீஸிலிருந்து தொடங்கு. நோட்டீஸில் தமிழ் வருஷம்தான் இருக்கும். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும் என்பதை மறக்காதே. குரோதன வருஷம் மாசி என்றால் 1986, 1985 அல்ல. முத்துமாரியம்மன் கோயில் கச்சேரிகளெல்லாம் மாசி பங்குனியில் வருபவை, இதில் தவறினால் உன் வரிசை முழுக்க ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

குழுவின் கச்சேரி கேசட்டுகளை எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதே. டேப் விளிம்பில் வெள்ளைப் பூசணம் இருக்கிறதா பார், இருந்தால் தனியே வை, மெஷினுக்கும் ஒட்டிக்கொள்ளும். நன்றாக இருப்பதை ஒரு முறை முழுக்க முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்று. டேப்பை, பிளேயரின் ஒலி படிக்கும் தலையோடு அழுத்தும் ஃபெல்ட் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மந்தமாகக் கேட்கும். அப்போது டேப்பை ஸ்க்ரூ போட்ட வேறு கூட்டுக்கு மாற்று. தலைக்குப் பக்கத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மேல் ஒலி எங்கே தெளிவாகிறதோ அங்கே நிறுத்து. வேகத்தையும் சோதி, 6 சதவீதம் கூட ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். கீபோர்டு கேட்கும் இடத்தில் சுருதி காட்டும் ட்யூனரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் ஒலியைச் சுருக்காத 24 பிட் வேவ் ஃபைலாக ஒரு பிரதி எடுத்து அப்படியே வைத்துவிடு, இரைச்சல் நீக்குகிற வேலையெல்லாம் இன்னொரு பிரதியில்.

வாசித்தவர்களைத் தனித்தனியாகப் பார். ஒன்றாக உட்கார வைத்தால் யார் குரல் பெரிதோ அவர் சொல்வதே எல்லோருக்கும் ஞாபகமாகிவிடும். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுது. டோலக் அண்ணன் பேர் எந்த நோட்டீஸிலும் கிடையாது, கடைசி மூன்று கச்சேரிக்குக் காசும் வரவில்லை என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். கணக்கு நோட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு, உண்மையென்றால் தயங்காமல் எழுது. அந்தக் குழுமேல் உனக்கு இருக்கும் பிரியம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

பங்குனிக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டிலும், ஸ்க்ரூ வைத்த காலிக் கேசட் பத்தும் கொண்டு வா. இங்கே மருந்துக் கடையில் கிடைப்பதில் தண்ணீர் கலந்திருக்கிறது, டேப் தலை துடைக்க ஆகாது. கேசட் டெக்கை நான் தயார் செய்து வைக்கிறேன். ஆத்தாளுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
வள்ளியப்பன்