பிள்ளைகள் கையில் பக்கெட் இருக்கட்டும், சக்கரம் வேண்டாம்

எர்த் மூவர்ஸ் உரிமையாளர்களுக்கும், கட்டுமான நிறுவனங்களில் குடும்ப தினம் நடத்தும் குழுவினருக்கும்,

வணக்கம். ஆயுத பூஜை அன்று யார்டுக்குக் குடும்பத்தோடு வருவது நம் வழக்கம். ஜேசிபிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்று வருகிறோம். அந்தச் சுற்றில் ஓட்டுநர் மடியில் ஒரு பிள்ளை, முன் பக்கெட்டுக்குள் நான்கைந்து பிள்ளைகள் என்று ஏற்றிக்கொள்வதை இந்த ஆண்டு முதல் விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அது ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. மடியில் பிள்ளை இருந்தால் ஓட்டுநரின் கை லீவருக்கு எட்டாது. பிள்ளையின் முழங்கால் எட்டிவிடும். கட்டிய வாழைக்கன்று முன்பக்கப் பார்வையையும் மறைக்கிறது.

பிள்ளைகளை இயந்திரத்தின் பக்கமே விடக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்பா, அம்மா செய்யும் வேலையைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்கு ஆசை இருக்கும், இருக்கவும் வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2014 முதல் இதற்கென்றே டிக்கர்லேண்ட் என்ற பூங்கா நடக்கிறது. இங்கிலாந்தில் அதற்கும் முன்பிருந்தே உண்டு. நம் யார்டிலும் முடியும். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது பூம் (இயந்திரத்தோடு இணைந்த பெரிய கை), ஆர்ம் (அதன் நுனியில் மடங்கும் கை), பக்கெட் மட்டும்தான். நகர்வதையும் சுழல்வதையும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

பெரிய ஜேசிபியை சாவி எடுத்து, பக்கெட்டைத் தரையில் இறக்கி, போட்டோ எடுக்க மட்டும் நிறுத்துங்கள். ஓட்டிப் பார்க்க ஒன்றரை முதல் இரண்டு டன் எடையுள்ள மினி ஹிட்டாச்சியை, அதாவது செயினில் நகரும் சிறிய மண் அள்ளும் இயந்திரத்தை, வாடகைக்கு எடுங்கள். அதை மெக்கானிக் முதல் நாளே தயார் செய்யட்டும். சமதளத்தில் நிறுத்தி, முன் பிளேடை (மண் தள்ளும் தகட்டை) தரையில் அழுத்தி, செயினை நகர்த்தும் இரண்டு லீவர்களையும் கழற்றிவிடுங்கள். கால் பெடல்களுக்கு மூடி போட்டுவிடுங்கள்.

அதிகம் தவறுவது ஸ்விங்கில், அதாவது கேபின் சுழல்வதில்தான். பல மாடல்களில் ஸ்விங் லாக் பின் (சுழலாமல் பூட்டும் இரும்பு முளை) இருக்கிறது. அதைப் போட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பிள்ளை இடது லீவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தால் ஸ்விங் மோட்டார் அந்தப் பின்னோடு மல்லுக்கட்டும். ஆயில் சூடாகும், லாக் பின் வளைந்துவிடும். பைலட் லைனில் (லீவரின் அசைவை ஆயில் அழுத்தமாகக் கொண்டுபோகும் சிறு குழாய்களில்) ஓடும் இயந்திரமாக இருந்தால், ஸ்விங்குக்குப் போகும் இரண்டு பைலட் ஹோஸ்களையும் கழற்றி, இரு முனைகளுக்கும் அடைப்பான் போட வேண்டும். பிறகு லீவரை எப்படித் தள்ளினாலும் கேபின் அசையாது. பின்னையும் போட்டே வைத்திருங்கள்.

கேபின் சுழலாது என்பதால்தான் பயிற்சியாளர் இடது கதவோரம் ஒரு மேடையில் நிலையாக நிற்க முடிகிறது. அவர் ஒரு கை சேஃப்டி லாக் லீவரிலேயே இருக்க வேண்டும். அதைத் தூக்கினால் பைலட் அழுத்தம் நின்று, பிள்ளை கையிலிருக்கும் லீவர்கள் செத்துவிடும். அந்தக் கையில் செல்போன் கூடாது.

மணல் குழி 60 செ.மீ. ஆழம் இருக்கட்டும், கல் கலக்காமல், தண்ணீர் தெளித்து. ஆழம் குறைந்தால் என்ன ஆகும்? பிள்ளை வலது லீவரை முன்னே தள்ளிக்கொண்டே இருப்பான், பக்கெட் கட்டாந்தரையில் ஊன்றும், இயந்திரத்தின் முன்பக்கம் மேலே எழும். பயந்துபோய் லீவரைப் பின்னால் இழுத்தால் தொப்பென்று விழும். முன்பக்கம் எழத் தொடங்கியதுமே லாக் லீவரைத் தூக்கிப் பிள்ளையை நிறுத்துங்கள். பிறகு பயிற்சியாளரே மெதுவாக இறக்கட்டும்.

என்ஜின் வேகத்தைக் குறைவாகவே வையுங்கள். பம்ப் தரும் ஆயில் குறையும், பூம் நிதானமாக அசையும். முதலில் வலது கை மட்டும்: பின்னால் இழுத்தால் பூம் ஏறும், இடப்பக்கம் சாய்த்தால் பக்கெட் மடங்கும், வலப்பக்கம் சாய்த்தால் கொட்டும். அது கைக்குப் பழகியதும் இடது கையில் ஆர்ம். அருகில் அள்ளி, ஆர்மை நீட்டி, எதிரே கிடக்கும் பழைய டயருக்குள் கொட்டச் சொல்லுங்கள். 40 லிட்டர் பக்கெட்டில் ஈர மணல் 70 கிலோ பக்கம் வரும். இதைப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

பூம் முழுதாக நீண்டால் ஏறக்குறைய 4 மீட்டர் எட்டும். ஆகவே வேலி 6 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கயிறு வேண்டாம், பிள்ளைகள் குனிந்து நுழைந்துவிடுவார்கள். இரும்புத் தடுப்பு போடுங்கள். பூசணிக்காயை வேலிக்கு வெளியே உடையுங்கள், உள்ளே உடைத்தால் ஏறும் படி வழுக்கும். கற்பூரத்தை டீசல் டேங்க் பக்கம் ஏற்றாதீர்கள். ஹோஸ் கசிவைக் காலையிலேயே அட்டையைக் காட்டிப் பாருங்கள், விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. 200 பாருக்கு மேல் அழுத்தம் உள்ள ஆயில் ஊசித் துளை வழியாக வந்தாலும் தோலுக்குள் இறங்கிவிடும்.

சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி இரண்டு லீவரும் எட்டாத பிள்ளைக்கு முறை கொடுக்காதீர்கள், யார் வீட்டுப் பிள்ளையானாலும். பெல்ட், ஷூ, காதுக்கு மஃப் கட்டாயம். துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு 6 நிமிடம், ஏறி இறங்க 2 நிமிடம், மணிக்கு ஒரு முறை பயிற்சியாளருக்கு 10 நிமிட ஓய்வு. ஒரு இயந்திரத்தில் மணிக்கு 6 பிள்ளைகள்தான். 60 பேரை வரவழைத்துவிட்டு ஒரே வண்டியை நிறுத்தினால், மதியத்துக்குள் அவசரம் தொற்றி பெல்ட் போடாமலே ஏற்றத் தொடங்குவார்கள். டோக்கன் கொடுங்கள், அல்லது வண்டியைக் கூட்டுங்கள். உங்கள் பாலிசி இதற்குப் பொருந்துமா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்விங் ஹோஸ்களைக் கழற்றும் முன்பே சிவப்பு, மஞ்சள் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். திரும்ப மாட்டும்போது இரண்டும் மாறினால், மறுநாள் சைட்டில் ஓட்டுநர் இடது பக்கம் தள்ள, வண்டி வலது பக்கம் சுழலும். பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் ஒருமுறை சுழற்றிப் பார்த்த பிறகே வேலைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மண் அள்ளும் இயந்திர ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள்