தலைமறைவுக் கதை எடுக்க மலையேறும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குற்றத் தொடர்களுக்குக் கதை வசனம் எழுதுகிறவர்களுக்கும், அவற்றைப் படமாக்க நீலகிரிக்கு வருகிற இயக்குநர்களுக்கும் இதை எழுதுகிறோம். எங்களில் படப்பிடிப்பு ஒருங்கிணைப்பவர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, மனநல ஆலோசகர்களும் உண்டு. உங்கள் கதைகளுக்குப் பெரும்பாலும் ஒரே அச்சுதான். சமவெளியில் கொடுமைக்கு ஆளான ஒருத்தி கொலைப்பழியோடு மலையேறி ஒளிகிறாள், போலீஸ் தேடுகிறது, ஆறாவது எபிசோடில் பார்ப்பவர்கள் அழவேண்டும். பனிமூட்டமும் வயலினும் இருந்தும் அழுகை வருவதில்லை. அவள் உடம்பு என்ன செய்யும், சட்டம் என்ன செய்யும், இந்த ஊர் என்ன செய்யும் என்று யாரும் விசாரித்து எழுதாததுதான் காரணம். விசாரித்தால் நெஞ்சை அடைக்கிற காட்சிகள் தாமாகவே கிடைக்கும்.

முதலில் ஃபிளாஷ்பேக். கறுப்பு வெள்ளையில் மூன்று நிமிடம், தொடக்கம் முதல் முடிவு வரை கோவையாக ஓடுகிறது. அப்படி வரிசையாக நினைக்க முடிகிறவள் பாதி தேறிவிட்டவள். அடிபட்டவளின் நினைவு துண்டு துண்டாக வரும். பெல்ட் பக்கிள் சத்தம், பீடி வாசனை, கதவுக்கடியில் தெரிந்த இரண்டு பாதங்கள், அவ்வளவுதான். வியர்க்கும், காது அடைக்கும், சில வேளை ஒன்றுமே நடக்காததுபோல் மரத்து நிற்பாள். மரத்து நிற்பதை நடிப்பது கடினம் என்பதால் நம் நடிகைகளைக் கத்தவைத்துவிடுகிறார்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் கதையை வையுங்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டருகே யானை வந்தால் வனத்துறை ஆட்களும் ஊர்க்காரர்களும் பட்டாசு வெடித்து விரட்டுவார்கள். இரவு பதினொரு மணி, எல்லாரும் டார்ச்சோடு வாசலில். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. முதல் வெடிக்கே அவள் கட்டிலுக்கடியில் கிடக்கிறாள். அங்கே வெட்டிவிடாதீர்கள். திடுக்கிடுவது கண்ணிமைக்கிற நேரம். மூச்சு சீராகவும் கைநடுக்கம் நிற்கவும்தான் நேரமாகும். யானை போய்விட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை குனிந்து, "அக்கா, ஆனை போயிருச்சு" என்கிறது. "கம்மல் விழுந்துருச்சு பாப்பா, தேடிட்டிருக்கேன்" என்கிறாள். குழந்தையும் டார்ச் அடித்துத் தேட ஆரம்பிக்கிறது. இரண்டு கம்மலும் அவள் காதிலேயே இருக்கின்றன. பயத்தைவிட இந்த வெட்கம்தான் பார்ப்பவரை உடைக்கும். வெடிக்குப் பின் காதில் 'கொய்ங்' என்று ரீங்கரிக்கும் அந்தப் பழைய ஒலி வேண்டாம். நாய்க்குரைப்பும் தகரக்கூரையில் சொட்டும் பனிநீரும் போதும்.

அவள் மலைக்கு வந்து சேர்வதையும் கவனியுங்கள். 2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்கவேண்டும். வண்டி எண் பதிவாகிவிடும். தேடப்படுகிறவள் சொந்தக் காரில் சோதனைச்சாவடியைச் சிரித்துக்கொண்டே கடப்பது இனி நடக்காது. அரசுப் பேருந்தில் வருகிறவருக்குப் பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிடுங்கள். கடைசி வரிசையில் உட்காருவாள், முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அவளுக்குத் தாங்காது. கொண்டை ஊசி வளைவில் குமட்டல் அதிகம் வருவதும் அங்கேதான். "முன்னாடி வாம்மா" என்று கண்டக்டர் கூப்பிட்டாலும் போகமாட்டாள், துப்பட்டாவில் வாயைப் பொத்திக்கொண்டு குன்னூர் வரை வருவாள். நள்ளிரவில் முதுமலை வழியாகக் கர்நாடகத்துக்குத் தப்புகிற காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை அந்தக் காட்டுச்சாலையில் ஆம்புலன்ஸும் குறிப்பிட்ட சில பேருந்துகளும் தவிர வேறு வண்டி போகாது.

தேயிலைத் தோட்டத்தில் ஒளிவதும் நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபமில்லை. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இப்போது நிறைய, அதனால் புதுமுகம் என்பது ஆச்சரியமில்லை. தமிழ் பேசுகிற, துணையில்லாத, ஊர்ப்பேர் சொல்லாத பெண் என்றால் சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். எடை போடும் இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோங்கள். இலைச்சாக்கைத் தராசில் மாட்டி, பேரைக் கூப்பிட்டு, கிலோவை எழுதுவார்கள். "செல்வி... செல்வி... ஏம்மா செல்வி!" பொய்ப்பேர் என்பதால் மூன்றாவது அழைப்புக்குத்தான் திரும்புகிறாள். பக்கத்தில் நிற்கிறவள் கவனித்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. மறுநாள் முதல் அந்தப் பேர் கூப்பிடப்படும்போதெல்லாம் முழங்கையால் லேசாக இடிக்கிறாள். இதற்கு வசனம் எழுதினால் கெட்டுவிடும்.

சட்டத்தில்தான் நீங்கள் அதிகம் கோட்டைவிடுகிறீர்கள். பிடியாணை பிறந்தும் ஆள் தலைமறைவானால் குறித்த நாளில் ஆஜராகச் சொல்லி நீதிமன்றம் பிரகடனம் வெளியிடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 82-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 84-வது பிரிவு. ஆஜராகக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும். அவள் வசித்த ஊரில் பலர் கூடும் இடத்தில் அதை வாசிக்கவேண்டும். வீட்டில் கண்ணில் படுகிற இடத்திலும் நீதிமன்றத்திலும் ஒட்டவேண்டும். தொடர்களில் இதைப் பத்திரிகை விளம்பரமாக ஒரு ஷாட்டில் முடித்துவிடுகிறீர்கள். தெருவே நிற்க, மகள் பேரும் அவள் தகப்பன் பேரும் உரக்க வாசிக்கப்படுவதை அம்மா கேட்டுக்கொண்டு நிற்பதைக் காட்டுங்கள். ஒட்டிய தாளை அம்மா கிழிக்கமாட்டாள். மழைக்காலம் வந்ததும் அதன்மேல் ஒரு பாலித்தீன் தாளை வைத்து ஆணி அடிப்பாள். ஏன் என்று யாரும் விளக்கவேண்டாம். 85-வது பிரிவில் சொத்து முடக்கம் உண்டு, ஆனால் தேடப்படுகிறவரின் சொத்துக்குத்தான். அம்மா பேரில் உள்ள வீட்டை வில்லன் இன்ஸ்பெக்டர் ஜப்தி செய்வது தப்பு. மகள் வாங்கிய தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம், காட்சிக்கு அதுவே போதும்.

சிம்மை உடைத்துவிட்டு அதே போனில் புது சிம் போட்டுத் தப்புகிற காட்சியும் இன்னும் வருகிறது. கருவியின் ஐஎம்இஐ எண் மாறாது, அதை வைத்தே பிடித்துவிடுவார்கள். அவள் பேக்கரிக்காரரின் போனைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கூப்பிடட்டும். வீட்டில் விசாரணைக்கு வந்த காவலர் உட்கார்ந்திருக்கிறார். "ராங் நம்பருங்க" என்கிறாள் அம்மா. ஆனால் வைக்கவில்லை. குக்கர் விசில், டிவி சத்தம், அம்மாவின் இருமல். பதினைந்து விநாடி அதை மட்டும் கேட்கவிடுங்கள்.

கைதுக் காட்சிக்கு உங்களிடம் இருப்பது மழையும் துப்பாக்கியும். சட்டத்திலோ இதைவிட நல்ல காட்சி இருக்கிறது. அதே சன்ஹிதாவின் 43-வது பிரிவின்படி சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான சூழ்நிலை என்றால் பெண் காவல் அதிகாரி எழுத்துமூலம் அறிக்கை கொடுத்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அனுமதியை முன்கூட்டியே வாங்கவேண்டும். ஜனவரியில் தலைகுந்தா பக்கம் ஆறரை மணிக்கு அவளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வையுங்கள். வெளியே இருட்டிவிட்டது. அனுமதி கேட்கும் அளவுக்கு அவசரமில்லை என்று அதிகாரி முடிவு செய்கிறார். ஆக, ஒரு முழு இரவு உங்கள் கையில். அவளால் ஓடமுடியாது, கைதும் ஆகவில்லை. வாசலில் இரண்டு மகளிர் காவலர்கள், புல்லில் உறைபனி. பல மாதங்களாகக் கோழித்தூக்கம் தூங்கியவள் அன்று அடித்துப்போட்டமாதிரி தூங்குகிறாள். யாரும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரமுடியாது, வாசலில் ஆள் நிற்கிறது. விடிந்ததும் எழுப்ப வருகிற காவலர் ஒரு நிமிடம் தயங்கி நிற்கட்டும்.

இந்தக் காட்சியில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைக்காதீர்கள், காட்சிக்காகவும் வேண்டாம், படப்பிடிப்புக் குழுவுக்காகவும் வேண்டாம். மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். மலையில் அப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன.

கைதுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். கைதான செய்தியை அவள் சொல்கிற உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பதும் கட்டாயம். யார் பேரைச் சொல்வாள்? அம்மாவையா, முழங்கையால் இடித்தவளையா? அதை நீங்கள் எழுதுங்கள்.

இறுதி எபிசோடில் ஒரு பழங்குடி முதியவர் தலையில் கைவைத்ததும் பயம் விலகுவதை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். தோடர், இருளர், குறும்பர் யாரும் உங்கள் நாயகியைக் குணப்படுத்துவதற்காக இங்கே வாழவில்லை. முறையான மனச்சிகிச்சைக்குப் பொதுவாக வாரம் ஒரு அமர்வாக எட்டு முதல் பதினாறு அமர்வுகள் வரை ஆகும், இடையில் நிலைமை மோசமாவதும் உண்டு.

வெடிக்காட்சியின் நாளில் நடிகைக்கும் குழுவில் எல்லாருக்கும் எத்தனை வெடி, எப்போது என்று முன்பே சொல்லிவிடுங்கள். 'இயல்பாக வரும்' என்று மறைத்து வெடிப்பது கொடுமை, அப்படிக் கிடைக்கிற நடிப்பும் அடுத்த டேக்கில் வராது. முடிவில் போடுகிற உதவி எண் அட்டை மூன்று விநாடியில் ஓடிவிடுகிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி-மானஸ் எண்ணைப் பெரிய எழுத்தில், பத்து விநாடி, படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலோடு போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியிலிருந்து, உங்கள் படப்பிடிப்புகளோடும் இந்த வழக்குகளோடும் பழகியவர்கள்